கோழியின் கண்ணில் காயமா, தொற்றா? பார்ப்பது, கழுவுவது, மருந்திடுவது – முழுமையான வழிகாட்டி

கோழி உடம்புக்கு முடியாததை லேசில் வெளியே காட்டாது. காட்டினால் கூட்டத்தில் மற்றவை கொத்தித் துரத்தும் என்பதால் முடிந்தவரை மறைத்துக்கொண்டே திரியும். அப்படிப்பட்ட பறவை ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு, முகத்தைத் தோளில் தேய்த்தபடி மூலையில் நிற்கிறது என்றால் வலி பொறுக்க முடியாத அளவுக்குப் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். கருவிழியில் விழுந்த மேலோட்டமான கீறல், அன்றே கவனித்தால் பெரும்பாலும் சில நாட்களில் ஆறிவிடும். அழுக்கும் கிருமியும் சேர விட்டால் அதே கீறல் புண்ணாகிப் பார்வையைக் கொண்டுபோய்விடும்.

இதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கண் சிவந்திருப்பதைப் பார்த்ததும் வீட்டில் இருக்கும் ஏதோ ஒரு சொட்டு மருந்தை எடுத்து விட்டுவிடுகிறார்கள். மருந்துக்கு முன்னால் இரண்டு வேலை இருக்கிறது: கண்ணைச் சுத்தமாகக் கழுவ வேண்டும், வந்திருப்பது அடிபட்ட காயமா, உடம்பில் இருக்கும் நோயின் அறிகுறியா என்று பிரித்தறிய வேண்டும். இந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்தால் பாதி வைத்தியம் முடிந்தது.

படி 1: தனியாகப் பிரியுங்கள்

முதலில் கோழியைக் கூட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ரத்தமோ புண்ணோ தெரிந்தால் மற்றக் கோழிகள் அதே இடத்தைத் திரும்பத் திரும்பக் கொத்தும். தூசி இல்லாத, காற்றோட்டமுள்ள பெட்டியோ கூண்டோ போதும். அடியில் வைக்கோலும் மரத்தூளும் வேண்டாம், பழைய துண்டை விரியுங்கள். வெளிச்சம் மங்கலாக இருக்கட்டும். கருவிழியில் காயம் இருந்தால் வெளிச்சம் பட்டாலே வலிக்கும். தும்மல், மூக்கொழுகல் எதுவும் இல்லை என்றால் மற்றக் கோழிகளின் சத்தம் கேட்கும் தூரத்திலேயே வைக்கலாம். தனிமை கோழிக்குப் பெரிய வதை. தும்மல் இருந்தால் தள்ளித்தான் வைக்க வேண்டும். அப்போது மற்றக் கோழிகளுக்குத் தீனி வைத்து முடித்த பிறகே இதனிடம் போங்கள்.

படி 2: கையில் பிடிக்கும் முன் தள்ளி நின்று பாருங்கள்

கையில் எடுத்த பிறகு பயத்தில் மூச்சு வாங்கும். அப்புறம் எது நோய், எது பயம் என்று தெரியாது. அதனால் முதல் சில நிமிடங்கள் சும்மா நின்று கவனியுங்கள்.

ஒரு கண்ணா, இரண்டு கண்ணுமா? இதுதான் முதல் கேள்வி. ஒரு கண் மட்டும், திடீரென்று, மற்றபடி கோழி தீனி எடுக்கிறது என்றால் பெரும்பாலும் அடிபட்டதுதான்: கொத்து, சேவலின் நகம், முள், கம்பி முனை, வைக்கோல் துணுக்கு. இரண்டு கண்ணும் என்றால், அல்லது கூட்டத்தில் வேறு கோழிகளுக்கும் அதே மாதிரி இருந்தால், தொற்றையோ கூண்டின் காற்றையோ சந்தேகிக்க வேண்டும். இது கறாரான விதி இல்லை. சுவாச நோய்கள் சில சமயம் ஒரு கண்ணில்தான் தொடங்கும்.

அடுத்து மூச்சைக் கேளுங்கள். தும்மல், கொரகொரப்பு, வாயைத் திறந்து மூச்சு விடுவது, மூக்குத் துளையில் ஈரம் இருக்கிறதா? கண்ணின் ஓரத்தில் சோப்பு நுரை மாதிரி குமிழிகள் தெரிகின்றனவா? கண்ணுக்குக் கீழே கன்னம் வீங்கியிருக்கிறதா? அந்த இடத்தில் சைனஸ் என்ற காற்றறை இருக்கிறது. கண்வீக்கம் என்று நாம் நினைப்பது பல நேரம் அந்த அறையில் சளியோ சீழோ அடைத்த வீக்கம்தான். கண்ணில் எத்தனை மருந்து விட்டாலும் அது வற்றாது.

புதிதாகக் கோழி வளர்ப்பவர்கள் பயந்துபோகும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கோழிக்கு மேல் இமை, கீழ் இமை தவிர மூன்றாவது இமை ஒன்று உண்டு. அலகுப் பக்க மூலையிலிருந்து கண்ணின் குறுக்கே பால் நிறத்தில் ஒரு சவ்வு சட்டென்று ஓடி மறையும். கண்ணில் திரை விழுந்துவிட்டது என்று பதற வேண்டாம், கண்ணைத் துடைக்கும் ஏற்பாடு அது. அந்தச் சவ்வு பாதி வழியில் நின்றுவிட்டாலோ, வீங்கிச் சிவந்திருந்தாலோதான் பிரச்சினை.

படி 3: பொருட்களை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்

கோழியை மடியில் வைத்துக்கொண்டு சிரிஞ்சைத் தேடக் கூடாது. பெரிய துண்டு, மருந்துக் கடையில் கிடைக்கும் 0.9 சதவீத சலைன் (கிருமிநீக்கிய உப்புநீர்), ஊசி கழற்றிய 10 அல்லது 20 மில்லி சிரிஞ்சு, காஸ் துணி, கையுறை, டார்ச், கண் களிம்பு ஆகியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பஞ்சு வேண்டாம், அதன் இழைகள் கண்ணில் ஒட்டும்.

சலைன் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் நீரைக் கொதிக்க வைத்து, அதில் 9 கிராம் உப்பைக் கரைத்து, மூடி வைத்து ஆறவிடுங்கள். 9 கிராம் என்பது ஏறக்குறைய ஒன்றரைத் தேக்கரண்டி, மட்டமாக வழித்து அளந்தது. ஒரு நாளுக்கு மேல் வைத்துப் பயன்படுத்தாதீர்கள். கான்டாக்ட் லென்ஸ் சுத்தப்படுத்தும் திரவம் சலைன் மாதிரித் தெரிந்தாலும் அது வேறு. அதை விடவே கூடாது.

படி 4: பிடிக்கும் முறை

இறக்கைகள் உடம்போடு சேர்ந்திருக்குமாறு துண்டால் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரிய மடியில் நிமிர்த்தி வையுங்கள். நெஞ்சை அழுத்தாதீர்கள். கோழிக்கு நம்மைப்போல உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதனால் மூச்சுவிட முடியும். துண்டை இறுக்கிக் கட்டினால் சத்தமில்லாமல் மூச்சடைத்துவிடும். மல்லாக்கப் படுக்க வைப்பதும் ஆபத்து. ஒருவர் பிடிக்க, இன்னொருவர் கண்ணைப் பார்ப்பது நல்லது.

கையுறை எதற்கு என்று கேட்கலாம். வெள்ளைக்கழிச்சல் என்ற கோழி நோயை உண்டாக்கும் வைரஸ் மனிதர் கண்ணில் பட்டால் நமக்கும் கண் சிவந்து உறுத்தும். வேலை முடிந்து சோப்பு போட்டுக் கை கழுவும்வரை உங்கள் முகத்தைத் தொடாதீர்கள்.

படி 5: கழுவுங்கள்

இந்தப் படியில் அவசரம் வேண்டாம். சலைன் பாட்டிலை வெந்நீரில் சற்று நேரம் வைத்து, கை பொறுக்கும் இளஞ்சூட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

பீளை காய்ந்து இமைகள் ஒட்டியிருந்தால் பிரித்து இழுக்காதீர்கள். இமையின் மெல்லிய தோல் கிழிந்துவிடும். சலைனில் நனைத்த காஸ் துணியை ஐந்து, பத்து நிமிடம் கண்மேல் வைத்திருங்கள். ஆறினால் மறுபடி நனையுங்கள். பொருக்கு ஊறி, துணியோடு தானாக வழுக்கி வர ஆரம்பிக்கும். ஓரத்திலிருந்து மெல்லத் துடைத்துக்கொண்டே வாருங்கள். முதல் முறையிலேயே முழுதும் திறக்காவிட்டால் பரவாயில்லை, இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் செய்யலாம்.

இமை திறந்ததும் கோழியின் தலையை, கழுவும் கண் சற்றுக் கீழ்ப்பக்கம் இருக்குமாறு சாயுங்கள். சிரிஞ்சை அலகுப் பக்க மூலையில், கண்ணைத் தொடாமல் பிடித்து, காது இருக்கும் பக்கமாக நீர் வழிந்தோடும்படி மெதுவாக விடுங்கள். திசை முக்கியம். மூக்குத் துளைக்குள்ளோ வாய்க்குள்ளோ நீர் போனால் புரை ஏறும். பீச்சியடிக்காதீர்கள், காயம்பட்ட கருவிழி அந்த வேகத்தைத் தாங்காது. ஒரு சிரிஞ்சு நிறைய விட்டு, கோழி இமைக்க நேரம் கொடுத்து, மீண்டும் விடுங்கள். வழியும் நீர் தெளிவாக வரும்வரை தொடருங்கள். சுண்ணாம்பு, கிருமிநாசினி போன்ற ரசாயனம் தெறித்திருந்தால் மட்டும் கணக்கு வேறு: சலைன் தேடி நேரம் கடத்தாமல் சுத்தமான நீரால் குறைந்தது 15 நிமிடம் தொடர்ந்து கழுவி, நேரே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

படி 6: திறந்த கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்

டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் பிடியுங்கள். கருவிழி கண்ணாடிபோல் பளபளக்க வேண்டும். ஓரிடத்தில் மங்கல், வெண்புள்ளி, நீலம் பாரித்த படலம், பள்ளம் தெரிந்தால் அங்கே புண் இருக்கிறது. கண்ணுக்குள்ளே ரத்தம் தேங்கியிருந்தால் அடி பலமானது.

தூசியோ உமியோ மேலாக ஒட்டியிருந்தால் சலைனிலேயே வந்துவிடும். குத்தி நிற்கும் முள்ளைப் பிடுங்காதீர்கள். அது துளைத்த ஓட்டையை அதுவே அடைத்துக்கொண்டிருக்கலாம். எடுத்ததும் கண்ணின் உள்நீர் வெளியேறிவிடும். கண்ணை அப்படியே விட்டு மருத்துவரிடம் போங்கள்.

இமைக்கு அடியில் வெளிர்மஞ்சள் நிறத்தில் கெட்டியாக ஒன்று தெரியலாம். அது கோழியின் சீழ். நம் சீழ் போல நீராக இருக்காது. கோழியின் வெள்ளையணுக்களில் ஹெட்டிரோஃபில் என்ற வகை உண்டு; சீழைக் கரைக்க உதவும் மைலோபெராக்சிடேஸ் நொதி அதில் இல்லை. அதனால் சீழ் உருகாமல், வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கருத் துண்டு போல் இறுகிப்போகும். இது உள்ளே கிடக்கும்வரை எந்தக் களிம்பும் வேலை செய்யாது. மருந்து அதை ஊடுருவாது. நன்றாக ஊறவைத்த பிறகு கீழ் இமையை மெல்லத் தாழ்த்தி, நனைத்த காஸ் துணியின் நுனியால் ஓரத்தை நகர்த்திப் பாருங்கள். தளர்ந்திருந்தால் முழுத் துண்டாகவே வெளியே வந்துவிடும், கோழியும் உடனே இமைக்க ஆரம்பிக்கும். ஒட்டிக்கொண்டு நின்றாலோ ரத்தம் கசிந்தாலோ நிறுத்திவிடுங்கள். இடுக்கியால் தோண்டினால் கண் போய்விடும்.

மூன்றாவது இமையின் அடியில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் வெள்ளை நூல் போன்ற புழுக்கள் நெளிந்தால் அது கண்புழு. இதன் முட்டையைத் தின்ற கரப்பான் பூச்சியைக் கோழி கொத்தித் தின்னும்போது தொற்றுவது. இதற்கான மருந்தை மருத்துவர்தான் தர வேண்டும். கூடவே கரப்பான் ஒழிப்பும் நடக்க வேண்டும்.

படி 7: மருந்து – எதை இடலாம், எதைத் தொடவே கூடாது

முதலில் கூடாதது. டெக்ஸாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன், ஹைட்ரோகார்ட்டிசோன் ஆகிய பெயர்களில் ஒன்று லேபிளில் இருந்தால் அது ஸ்டீராய்டு. கருவிழியில் புண் இருக்கும்போது ஸ்டீராய்டு விட்டால் புண் ஆறாது, ஆழமாகும், கருவிழி துளைபடவும் கூடும். கொடுமை என்னவென்றால், விட்டதும் சிவப்பு குறைந்து குணமாவது போலவே தோன்றும். ஆன்டிபயாடிக் பெயரோடு இதுவும் கலந்து வரும் சொட்டு மருந்துகள் நிறைய. மனிதருக்கு எழுதிக் கொடுத்து மீந்துபோன பாட்டில்களில் அடிக்கடி இருப்பதும் இதுவே. லேபிளைக் கடைசி வரிவரை படியுங்கள். கருவிழியில் புண் இருக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல மருத்துவர் ஃப்ளோரசின் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்பார். புண் உள்ள இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். அந்தச் சோதனை முடியும்வரை ஸ்டீராய்டு வேண்டாம்.

மரத்துப்போகச் செய்யும் சொட்டு, சிவப்பைப் போக்கும் சொட்டு, ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட், தோலுக்கான களிம்பு, செடிச் சாறு, தேன், பால் எதுவும் வேண்டாம். கிருமிநீக்கம் செய்யப்படாத எதுவும் புண்பட்ட கண்ணுக்கு ஆபத்துதான்.

காயத்துக்கும் சாதாரணக் கண் தொற்றுக்கும் ஏற்றது, கண்ணுக்கென்றே தயாரித்த, ஸ்டீராய்டு கலக்காத ஆன்டிபயாடிக் களிம்பு. ஆக்சிடெட்ராசைக்ளின், எரித்ரோமைசின், டோப்ராமைசின் போன்றவை மருத்துவர்கள் வழக்கமாக எழுதுபவை. எது, எத்தனை நாள் என்பதை அவரிடமே கேளுங்கள். முட்டையை வீட்டில் சாப்பிடுகிறீர்கள் என்பதையும் கட்டாயம் சொல்லுங்கள். குளோராம்பெனிகால் போன்ற சில மருந்துகளை உணவுக்கான கால்நடைகளுக்குக் கொடுக்கப் பல நாடுகளில் தடை உண்டு. மற்ற மருந்துகளிலும் எத்தனை நாள் முட்டையை ஒதுக்க வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இடும் முறை எளிது. கீழ் இமையைச் சற்றுத் தாழ்த்தி, குழாயின் முனை கண்ணில் படாமல், ஓர் அரிசி மணி அளவுக் களிம்பை உள்ளே வையுங்கள். இமையை மூடி இரண்டு விநாடி பிடித்தால் உடல் சூட்டில் இளகிப் பரவிவிடும். சொட்டும் களிம்பும் இரண்டும் சொல்லியிருந்தால் முதலில் சொட்டு, ஐந்து நிமிடம் விட்டுக் களிம்பு. களிம்பு கண்ணில் அதிக நேரம் தங்கும். அடிக்கடி பிடித்துக் கோழியை மிரட்ட வேண்டியதில்லை என்பதால் என் ஓட்டு களிம்புக்குத்தான். ஒவ்வொரு முறையும் பழைய களிம்பையும் பீளையையும் சலைனால் துடைத்துவிட்டுப் புதிதாக இடுங்கள். கண் தெளிந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தாதீர்கள், சொன்ன நாள்வரை தொடருங்கள். வலிக்கு மனித மாத்திரை எதையும் ஊகித்துக் கொடுக்க வேண்டாம். கோழிக்குப் பொருத்தமான வலி மருந்தும் எடைக்கேற்ற அளவும் மருத்துவருக்குத் தெரியும்.

படி 8: தீனியும் தண்ணீரும்

கண் நோயில் சாகும் கோழிகளில் பல, உண்மையில் பட்டினியால் சாகின்றன. ஒரு கண் மூடியிருந்தால் தூரம் மட்டுப்படாது. தானியத்தைக் கொத்தினால் அலகு பக்கத்தில் விழும். அதனால் வழக்கமான தீவனத்தையே தண்ணீர் விட்டுப் பிசைந்து, ஆழமான கிண்ணத்தில், நல்ல கண் இருக்கும் பக்கமாக வையுங்கள். எங்கு கொத்தினாலும் வாய்க்கு ஏதாவது கிடைக்கும். இரண்டு கண்ணும் மூடியிருந்தால் அலகின் நுனியை மட்டும் தண்ணீரில் நனைத்துக் காட்டுங்கள், குடித்துக்கொள்ளும். கிண்ணத்தை விரலால் தட்டிவிட்டு வைத்தால் ஓரிரு நாளில் சத்தத்தைப் பழகிக்கொள்ளும். இரவில் கழுத்தடியில் உள்ள இரைப்பையைத் தடவிப் பாருங்கள், நிரம்பியிருக்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் எடை போடுங்கள். எடை பத்தில் ஒரு பங்கு இறங்கினால் காத்திருக்காதீர்கள்.

காயம் இல்லை, நோய் என்று தோன்றினால்

கண்ணில் நுரை, தும்மல், கன்ன வீக்கம் மூன்றும் சேர்ந்தால் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியால் வரும் நாட்பட்ட சுவாச நோயை முதலில் நினைக்க வேண்டும். களிம்பு மட்டும் போதாது, உள்ளுக்கு மருந்து தேவை. இந்தக் கிருமிக்குச் செல்சுவரே கிடையாது. செல்சுவரைத் தாக்கும் பெனிசிலின் வகை மருந்துகள் அதனிடம் பலிக்காது. டைலோசின், டெட்ராசைக்ளின் வகைகள் கேட்கும். குணமான கோழியும் கிருமியைச் சுமந்துகொண்டே இருக்கும், முட்டை வழியாகக் குஞ்சுக்கும் கடத்தும். ஆகவே அந்தக் கோழியின் முட்டையை அடைவைக்காதீர்கள்.

ஓரிரு நாளிலேயே பல கோழிகளின் முகம் வீங்கி, மூக்கொழுகலில் துர்நாற்றம் அடித்தால் அது கொரைசா என்ற தொற்றுச் சளி நோயாக இருக்கலாம். அந்த நாற்றம் கூண்டுக்குள் நுழைந்ததுமே தெரியும்.

இமையிலும் கொண்டையிலும் மரு போல் தடித்துக் கருத்த பொருக்குகள் இருந்தால் கோழி அம்மை. வைரஸ் என்பதால் நேரடி மருந்து கிடையாது. வாரக்கணக்கில் தானாகக் காய்ந்து உதிரும். பொருக்கைப் பிய்க்காதீர்கள்: ரத்தம் வரும், பொருக்கில் இருக்கும் வைரஸ் கூண்டெங்கும் சிதறும். கண்ணைத் திறந்து வைப்பதும், மேல்தொற்று வராமல் களிம்பு இடுவதும், கொசுவைத் தடுப்பதும்தான் நம் வேலை. வாய்க்குள்ளும் வெண்படலம் வந்து மூச்சு முட்டினால் உடனே மருத்துவர்.

கண்ணில் கெட்டிச் சீழ் அடிக்கடி சேர்கிறது, வாயின் உட்புறத்தில் வெண்ணிறக் கொப்புளங்கள், தீனியோ வெறும் தானியம் அல்லது மாதக்கணக்கில் வெயிலில் கிடந்த தீவனம் என்றால் வைட்டமின் ஏ குறைபாட்டை நினையுங்கள். புதிய முழுத்தீவனமும் கீரையும் கேரட்டும் பூசணியும் கொடுங்கள். சொட்டு மருந்தாக வைட்டமின் கொடுப்பதானால் அளவு கேட்டே கொடுங்கள், அதிகமானாலும் நஞ்சு.

வலியும் பீளையும் இல்லாமல் கண்ணின் நிறம் சாம்பலாக வெளுத்து, நடுவிலுள்ள கண்மணியின் விளிம்பு கோணல்மாணலாகிவிட்டால் அது மாரெக்ஸ் நோயாக இருக்கக்கூடும். அதற்குச் சிகிச்சை இல்லை. குஞ்சு பொரித்த முதல் நாள் போடும் தடுப்பூசிதான் காப்பு.

உடனே மருத்துவரிடம் போக வேண்டியவை

கண் பிதுங்குவது, கருவிழி வெளுப்பது அல்லது துளைபடுவது, உள்ளே ரத்தம், இமை கிழிவது, இரண்டு கண்மணிகளும் வெவ்வேறு அளவில் இருப்பது, தீனி அறவே எடுக்காதது ஆகிய எதற்கும் வீட்டு வைத்தியம் வேண்டாம். கழுவிக் களிம்பு இட்டும் 48 மணி நேரத்தில் முன்னேற்றம் இல்லை என்றாலும் அப்படித்தான். முகம் வீங்கி, கொண்டை நீலம் பாரித்து, கோழிகள் அடுத்தடுத்துச் சாகத் தொடங்கினால் பறவைக் காய்ச்சலோ வெள்ளைக்கழிச்சலோ ஆக இருக்கலாம். செத்த கோழியை அறுத்துப் பார்க்காமல் அரசுக் கால்நடைத் துறைக்குத் தகவல் கொடுங்கள்.

கூட்டத்தில் திரும்ப விடுவதும் கூண்டைச் சரிசெய்வதும்

கண் முழுதும் திறந்து, நீர் வடிதல் நின்று, புண் தெரியாமல் ஆன பிறகே திரும்ப விடுங்கள். முதல் ஓரிரு நாள் கூண்டோடு கூட்டத்தின் நடுவில் வைத்து, பிறகு மாலை நேரத்தில் திறந்துவிட்டால் சண்டை குறையும். கண்ணைக் காப்பாற்ற முடியாமல் மருத்துவர் அதை எடுத்துவிட்டாலும் ஒற்றைக் கண்ணோடு கோழி நன்றாகவே வாழும். பார்வையற்ற பக்கத்திலிருந்து திடீரென்று தூக்காமல், குரல் கொடுத்துவிட்டுத் தொடுங்கள். இரவில் அது உட்காரும் கம்பு தாழ்வாக இருக்கட்டும்.

கூண்டுக்குள் போய்க் கோழியின் உயரத்துக்குக் குனிந்து மூச்சிழுத்துப் பாருங்கள். உங்கள் கண் எரிந்தால் அம்மோனியா ஏற்கெனவே மிஞ்சிவிட்டது. பத்து லட்சத்தில் 25 பங்கு என்ற அளவைத் தாண்டினாலே கண்ணையும் மூச்சுக்குழாயையும் அது அரிக்கத் தொடங்கும். தினமும் உள்ளே போய்வருபவரின் மூக்குக்கு அந்த நெடி பழகிப்போயிருக்கும், அதனால் வெளியாள் ஒருவரையும் முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். ஈரக் கூளத்தை அள்ளிவிட்டு உலர்ந்ததைப் பரப்புங்கள், தண்ணீர்ப் பாத்திரம் ஒழுகினால் மாற்றுங்கள், கூரையை ஒட்டிக் காற்று வெளியேற வழிவிடுங்கள். அம்மோனியாவால் புண்பட்ட கண் மெதுவாகத்தான் தேறும். காற்றை மாற்றாமல் களிம்பு மட்டும் இட்டுக்கொண்டிருந்தால் தேறவே தேறாது. கோழியின் கண் உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி நுனிகளை மடக்கிவிடுங்கள். புதிதாக வாங்கும் கோழியை ஒரு மாதம் தனியாக வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள்.